ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி? ‘ஆன்டிடிலூவியன்’ வழியாக ஒரு பயிற்சி

ஆங்கிலத்தில் பழமையைச் சொல்லும் சொற்களுக்குக் குறைவே இல்லை. ‘ஓல்டு’, ‘ஏன்ஷியன்ட்’, ‘ஆன்டீக்’, ‘ஆர்க்கேயிக்’, ‘விண்டேஜ்’ என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ‘பழைய’, ‘பண்டைய’, ‘தொன்மையான’ என்ற மூன்று சொற்களே மாறி மாறி வரும். அதோடு அகராதியை மூடிவிட்டால், எந்த இடத்தில் எதைப் போடுவது என்பது கடைசிவரை பிடிபடாது. ஒரு சொல் எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டால் அது தானாகத் தெளிந்துவிடும்.

சொல்லின் வேரைத் தேடிப் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை, லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இணையத் தொடர்பும் குறிப்பு எழுத ஒரு தாளும் போதும். பயிற்சிக்கு ‘ஆன்டிடிலூவியன்’ (antediluvian) என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். பழங்காலத்துப் பொருள், காலாவதியான கருத்து என்ற பொருளில் வரும் சொல் இது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இது சுத்தமாகப் பிரியும், உருவாக்கியவர் பெயர் தெரியும், ஆண்டும் தெரியும். வேதாகமத்தில் (பைபிளில்) தொடங்கி, புவியியல், தொல்லியல் என்று சுற்றிவிட்டு, இன்று பத்திரிகைத் தலையங்கங்களில் வந்து நிற்கிறது. தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் படி: இன்று என்ன பொருளில் வழங்குகிறது?

பலரும் நேராக வேருக்குப் பாய்ந்துவிடுவார்கள். அது வேண்டாம். முதலில் இன்றைய பொருளை உறுதி செய்துகொள்ளுங்கள். மெரியம்-வெப்ஸ்டர் போன்ற இலவச இணைய அகராதிகளில் இந்தச் சொல்லைத் தேடினால் இரண்டு பொருள் காட்டும். ஒன்று நேர்ப்பொருள்: வேதாகமம் சொல்லும் நோவா காலத்துப் பெருவெள்ளத்துக்கு முந்தைய. இன்னொன்று நீட்டிய பொருள்: மிக மிகப் பழமையான, இந்தக் காலத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராத.

இரண்டாவது பொருளில் ஒரு தொனி இருக்கிறது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெண்கல்வி பற்றிய கருத்தை ‘ஆன்டிடிலூவியன்’ என்றால், “இன்னும் எந்தக் காலத்தில் இருக்கிறார் இவர்?” என்று அர்த்தம். அலுவலகத்துக் கணினியையும், துருப்பிடித்த குழாய்களையும், திருத்தப்படாத சட்டத்தையும் அப்படிச் சொல்லலாம். ஆனால் இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைப் பாராட்ட நினைத்து இந்தச் சொல்லைப் போட்டால் பாராட்டு தலைகீழாகிவிடும். அங்கே ‘ஏன்ஷியன்ட்’தான் சரி. மரியாதையோடு சொல்லும் பழமைக்கும் அலுப்போடு சொல்லும் பழமைக்கும் ஆங்கிலம் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது.

உச்சரிப்பையும் இதே படியில் முடித்துவிடுங்கள். ஆன்-டி-டி-லூ-வி-யன் என்று அசை பிரியும்; அழுத்தம் ‘லூ’வில் விழும். அகராதித் தளங்களில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தினால் சொல்லிக் காட்டும்.

இரண்டாம் படி: பிரித்து எழுதுக

பள்ளித் தமிழ்த் தேர்வில் ‘பிரித்து எழுதுக’ என்று ஒரு பகுதி வரும், நினைவிருக்கிறதா? அந்தப் பழக்கம் இங்கே நேரடியாக உதவும். நம் சொல் மூன்றாகப் பிரிகிறது: ‘அன்டெ’, ‘டிலூவியம்’, கடைசியில் ஒட்டிய ‘அன்’. முதல் இரண்டும் லத்தீன். ‘அன்டெ’ என்றால் முன். ‘டிலூவியம்’ என்றால் வெள்ளம். ‘அன்’ என்பது ‘அதைச் சேர்ந்த’ என்று பொருள் தரும் விகுதி. இந்தியன், ரோமன் ஆகிய சொற்களில் வருவதும் அதுதான். கூட்டிப் படித்தால் ‘வெள்ளத்துக்கு முந்தைய’.

பிரித்ததோடு நிறுத்தாமல், ஒவ்வொரு துண்டுக்கும் வேறு உறவுகள் உண்டா என்று பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதியே இதுதான். ‘டிலூவியம்’ என்பது ‘கழுவிக்கொண்டு போ’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வருகிறது. பெருவெள்ளத்தைக் குறிக்கும் ‘டெலூஜ்’ இதே ‘டிலூவியம்’ பிரெஞ்சு வழியாக உருமாறி வந்ததுதான். பாலில் தண்ணீர் கலப்பதைச் சொல்லும் ‘டைலூட்’டும் அதே வினையில் பிறந்தது. புவியியல் பாடத்தில் வண்டல் மண்ணுக்கு ‘அலூவியல்’ என்று படித்தோமே, அதுவும் இந்தக் குடும்பம். ஆறு கழுவிக் கொண்டுவந்து சேர்த்த மண்.

‘அன்டெ’யின் உறவுகள் இன்னும் நெருக்கமானவை. காலை நேரத்துக்கு நாம் போடும் ‘ஏ.எம்.’ என்பதில் உள்ள ‘ஏ’ இந்த ‘அன்டெ’தான், நடுப்பகலுக்கு முன் என்பது அதன் விரிவு. மூதாதையரைக் குறிக்கும் ‘ஆன்செஸ்டர்’ என்றால் நமக்கு முன்னே நடந்தவர். ‘ஏன்ஷியன்ட்’டும் இதிலிருந்துதான் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் அதன் முடிவில் ‘ட்’ கிடையாது. ‘-யன்ட்’ என்று முடியும் மற்ற ஆங்கிலச் சொற்களைப் பார்த்து அது பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஈ’ எழுத்தில் முடியும் ‘ஆன்டி’யும் உண்டு, ‘ஐ’ எழுத்தில் முடியும் ‘ஆன்டி’யும் உண்டு. முதலாவது லத்தீன்; ‘முன்’ என்று பொருள். இரண்டாவது கிரேக்கம், ‘எதிர்’ என்று பொருள். ஆன்டிபயாடிக், ஆன்டிசெப்டிக் எல்லாம் கிரேக்க வகை. எழுத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடலாமா என்றால், முடியாது. ‘ஆன்டீக்’ என்பதை எழுதும்போது ‘ஐ’ எழுத்துத்தான் வருகிறது, ஆனால் அது லத்தீன் ‘அன்டெ’யின் பிள்ளை. ‘ஆன்டிசிபேட்’டும் அப்படித்தான், முன்கூட்டியே பிடித்துக்கொள்வது. இத்தாலிய உணவகத்தில் முதலில் வரும் ‘ஆன்டிபாஸ்தோ’ பாஸ்தாவுக்கு எதிரானது அல்ல, சாப்பாட்டுக்கு முந்தையது. ஆகவே பிரித்த ஒவ்வொரு துண்டையும் அகராதியின் சொற்பிறப்புப் பகுதியில் சரிபார்த்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பகுதியைப் படிக்கச் சில அடையாளங்கள் தெரிந்திருந்தால் போதும். ‘எல்’ என்றால் லத்தீன், ‘ஜிகே’ என்றால் கிரேக்கம், ‘ஓஎஃப்’ என்றால் பழைய பிரெஞ்சு, ‘ஓஈ’ என்றால் பழைய ஆங்கிலம். வாய் திறந்த அம்புக்குறி ‘இதிலிருந்து வந்தது’ என்பதைக் காட்டும். ஒரு வடிவத்தின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அது எந்த ஏட்டிலும் கண்டெடுத்தது அல்ல. மொழியியலாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து மீட்டுருவாக்கியது. நட்சத்திரத்தைக் கவனிக்காமல் அந்த வடிவத்தை உண்மையில் எழுதப்பட்ட சொல்லாக மேற்கோள் காட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது.

மூன்றாம் படி: முதலில் எழுதியவர் யார், எப்போது?

இதற்கு உதவும் இடங்கள் இரண்டு. டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எட்டிம்ஆன்லைன் தளம் இலவசம். சுருக்கமாக இருக்கும், தொடங்க நல்லது. ஆழமாகப் போக வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி. அதன் இன்றைய இணையப் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். பல பல்கலைக்கழக நூலகங்களில் பார்க்கக் கிடைக்கும். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த முதல் பதிப்பின் ஒளிவருடல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே இருக்கின்றன. நம் சொல் முதல் தொகுதியிலேயே வந்துவிடும். இந்த அகராதியின் பெருமை என்னவென்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு சேர்த்து அது வந்த வாக்கியங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கித் தருகிறது.

அப்படித் தேடினால் கிடைக்கும் பெயர் சர் தாமஸ் பிரௌன், ஆண்டு 1646. பிரௌன் 1605இல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு, மோன்பெலியே, பதுவா, லெய்டன் நகரங்களில் மருத்துவம் கற்று, 1637இல் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நாரிச் நகரில் வைத்தியராகக் குடியேறினார். 1682இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1646இல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகம் ‘சூடோடாக்சியா எபிடெமிகா’. ஊர் உலகம் நம்பிக்கொண்டிருந்த தவறான கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து விசாரிக்கும் நூல் அது. செத்த மீன்கொத்தியைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதன் அலகு காற்று வரும் திசையைக் காட்டும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். பிரௌன் உண்மையிலேயே ஒரு மீன்கொத்தியைப் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். அது காட்டவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கையில் இருந்த ஆங்கிலம் போதவில்லை. தேவைப்பட்டபோது லத்தீனையும் கிரேக்கத்தையும் கூட்டிச் சொல் செய்துகொண்டார். ‘எலக்ட்ரிசிட்டி’, ‘மெடிக்கல்’, ‘ஹலூசினேஷன்’ ஆகியவற்றுக்கும் அகராதிகள் காட்டும் ஆரம்ப மேற்கோள்கள் இதே புத்தகத்திலிருந்துதான். ‘ஆன்டிடிலூவியன்’ அந்தப் பட்டறையில் செய்யப்பட்ட சொல்தான்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அகராதி காட்டும் ஆண்டு, இதுவரை கண்டெடுத்த பழைய எழுத்துச் சான்றின் ஆண்டு மட்டுமே. பேச்சில் புழங்கிய சொற்களுக்கு அதற்கு முன்பே ஆயுள் இருக்கலாம். நாளை யாராவது இன்னும் பழைய புத்தகத்தில் கண்டுபிடித்தால் ஆண்டு மாறும். அதனால் உங்கள் குறிப்பில் “1646இல் பிறந்தது” என்று எழுதாமல் “1646இல் முதல் சான்று” என்று எழுதுங்கள்.

கூகுள் புக்ஸிலும் தேடலாம், ஆனால் கவனமாக. 1800க்கு முன் அச்சான ஆங்கில நூல்களில் ‘எஸ்’ எழுத்துக்குப் பல இடங்களில் ‘எஃப்’ போலத் தெரியும் நீண்ட வடிவம் வரும். இயந்திரம் அதைத் தப்பாகப் படித்துவிடும். சில புத்தகங்களுக்கு ஆண்டே மாறிப் பதிவாகியிருக்கும். அதனால் தலைப்புப் பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பார்த்த ஆண்டையே நம்புங்கள்.

நான்காம் படி: அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பிரித்தாயிற்று, ஆண்டு கிடைத்தாயிற்று, முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ‘வெள்ளத்துக்கு முந்தைய’ என்று சொல்ல ஒரு தனிச் சொல்லே வேண்டும் என்று ஒரு நாரிச் வைத்தியருக்கு ஏன் தோன்றியது?

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உலக வரலாறு என்பது வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் தொடங்கியது. அந்த வரலாற்றை இரண்டாகப் பிளக்கும் கோடு நோவாவின் வெள்ளம். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு ‘ஜலப்பிரளயம்’ என்றால் உடனே புரியும். அந்தக் கோட்டுக்கு முன்னால் வாழ்ந்தவர்களின் வயதைக் கேட்டால் தலை சுற்றும். ஆதாம் 930 ஆண்டுகள், மெத்தூசலா 969 ஆண்டுகள். வெள்ளம் வந்தபோது நோவாவுக்கு 600 வயது. எபிரேய மூலத்தில் உள்ள வயதுகளைக் கூட்டிப் பார்த்தவர்கள், படைப்பிலிருந்து வெள்ளம் வரை 1656 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். பிரௌனின் நூல் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1650இல், அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வெளியிட்ட புகழ்பெற்ற காலக்கணக்கு, படைப்பை கி.மு. 4004இல் வைத்தது.

அதாவது அன்றைய படித்தவர்களுக்கு வெள்ளத்துக்கு முந்தைய உலகம் கற்பனை அல்ல, ஆண்டுக் கணக்கு உள்ள ஒரு வரலாற்றுக் காலம். அதைப் பற்றி வாதங்கள் நடந்தன. பிரௌனே தன் நூலில் வெள்ளத்துக்கு முன் பூமியில் மக்கள் குறைவாகத்தான் இருந்தார்கள் என்ற கருத்தை ஒரு முழு அத்தியாயத்தில் விசாரிக்கிறார். மெத்தூசலாதான் ஆதாமின் மக்களில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவரா என்று இன்னோர் அத்தியாயத்தில் கேட்கிறார். இப்படி அடிக்கடி பேச வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு சொற்களைக் கோத்துக்கொண்டிருக்க முடியாது. ஒற்றைச் சொல் வேண்டும்.

தாளில் இதை ஒரே வரியில் எழுதுங்கள்: “தேவை: வேதாகமக் காலக்கணக்கில் வெள்ளத்துக்கு முந்தைய உலகத்தைப் பற்றி வாதிட.” எந்தச் சொல்லுக்கும் இந்த ஒரு வரியை எழுத முடிந்தால், அந்தச் சொல் உங்களுக்கு மறக்காது.

ஐந்தாம் படி: பொருள் எங்கே திரும்பியது?

சொற்கள் நேர்கோட்டில் போவதில்லை. பிரௌனுக்குப் பிந்தைய இருநூறு ஆண்டுகளில் இந்தச் சொல் மதத்திலிருந்து அறிவியலுக்குள் நுழைந்து, அங்கிருந்து வெளியேறியது. அந்தக் கதை தெரியாமல் இன்றைய பொருளுக்கு வந்து சேர முடியாது.

பாறைகளில் கிடைத்த எலும்புகள்தான் தொடக்கம். சூரிச் நகர மருத்துவர் யோஹான் யாக்கோப் ஷாய்க்ட்சர் 1726இல் ஒரு பெரிய எலும்புக்கூட்டின் படத்தை வெளியிட்டு, அதற்கு ‘வெள்ளத்தைக் கண்ட மனிதன்’ என்று லத்தீனில் பெயர் சூட்டினார். பிரளயத்தில் மூழ்கி இறந்த பாவி ஒருவனின் எலும்பு என்று உறுதியாக நம்பினார். அந்தக் கல் பிற்பாடு நெதர்லாந்தின் ஹார்லம் நகரிலுள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1811இல் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஜார்ஜ் குவியே அங்கே சென்று, கல்லைக் கவனமாகக் கொத்தினார். உள்ளே மறைந்திருந்த முன்னங்கால்கள் வெளிப்பட்டன. அது மனிதன் இல்லை, பல்லி போலத் தெரியும் நீர்நில வாழ்வியான ராட்சத சாலமாண்டர். ‘மனித உருவம்’ என்ற பொருளுள்ள ‘ஆண்ட்ரியாஸ்’ என்னும் பேரினப் பெயரும், ஷாய்க்ட்சரின் பெயரும் சேர்ந்து அந்த விலங்குக்கு நிலைத்துவிட்டன. சீனாவிலும் ஜப்பானிலும் இன்று வாழும் ராட்சத சாலமாண்டர்களும் அதே ஆண்ட்ரியாஸ் பேரினம்தான்.

அடுத்து இங்கிலாந்து. 1821இல் யார்க்ஷயரில் கிர்க்டேல் என்ற இடத்தில் ஒரு குகையில் கழுதைப்புலி, யானை, காண்டாமிருகம், நீர்யானை எலும்புகள் கிடைத்தன. ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்த வில்லியம் பக்லண்ட் அவற்றை ஆராய்ந்தார். வெப்ப நாடுகளிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த எலும்புகள் இல்லை இவை. கழுதைப்புலிகள் இங்கேயே வாழ்ந்து, இரையை இழுத்து வந்து கடித்த மிச்சம் என்று முடிவு சொன்னார். அந்த விலங்குகள் வாழ்ந்த காலம் ‘ஆன்டிடிலூவியன்’. 1823இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே வெள்ளம் இருந்தது. ஐரோப்பா முழுக்கப் பரவிக்கிடந்த சரளைப் படிவுகளுக்குப் புவியியலாளர்கள் ‘டிலூவியம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

பக்லண்டின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். சான்றுகள் ஒரே உலகளாவிய வெள்ளத்துக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்ததும், 1836இல் வந்த தன் அடுத்த பெரிய நூலில் பழைய கருத்திலிருந்து பின்வாங்கினார். கேம்பிரிட்ஜின் ஆடம் செட்ஜ்விக் 1831இலேயே புவியியல் சங்கத்தில் வெளிப்படையாகத் தன் நிலையைத் திருத்திக்கொண்டார். பிறகு சுவிஸ் நாட்டு லூயி அகாசி பனியுகக் கொள்கையோடு வந்தார். அந்தச் சரளைகளில் பெரும்பகுதியை நகர்த்தியது வெள்ளம் அல்ல, பனியாறுகள் என்று ஆனது.

சொல்லுக்குக் கடைசி அறிவியல் வாய்ப்பு பிரான்சில் கிடைத்தது. அப்வீல் நகரின் சுங்க அதிகாரி ஜாக் பூஷே த பெர்த், சோம் ஆற்றங்கரைச் சரளையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு சேர்ந்து சிக்கிமுக்கிக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். 1847 என்று ஆண்டிட்டு, உண்மையில் 1849இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பில் ‘கெல்டிக்’ தொல்பொருள்களோடு ‘வெள்ளத்துக்கு முந்தைய’ தொல்பொருள்களும் இடம்பெற்றன. பல ஆண்டுகள் யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1859இல் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது சரி என்று அறிவித்த பிறகுதான் மனித இனத்தின் தொன்மை ஏற்கப்பட்டது. அவருடைய கண்டுபிடிப்பு நிலைத்தது. அவர் போட்ட பெயர் நிலைக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் ஆங்கிலத்துக்கு வேறு சொல் கிடைத்துவிட்டது. 1851இல் ஸ்காட்லாந்தின் டேனியல் வில்சன் தன் தொல்லியல் நூலின் வழியாக ‘பிரீஹிஸ்டாரிக்’ என்பதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வரலாறு எழுதப்படுவதற்கு முந்தைய காலம். வெள்ளத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம்.

அறிவியலில் வேலை போனபின் ‘ஆன்டிடிலூவியனு’க்கு மிஞ்சியது மிகைப்படுத்தும் வேலை மட்டும். “நோவா காலத்துக்கும் முந்தையது” என்று ஒரு பழைய குடையையோ பழைய கருத்தையோ சொல்லும் பொருள்தான் பொதுப்பேச்சில் இன்று இருக்கிறது.

நேர்ப்பொருள் அடியோடு செத்துவிட்டதா என்றால், இல்லை. மெசபடோமியாவின் (இன்றைய இராக்) பழைய நாகரிகமான சுமேரியாவை ஆராய்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். களிமண்ணில் எழுதப்பட்ட சுமேரிய அரசர் பட்டியல், வெள்ளத்துக்கு முன் ஆண்டவர்கள், பின் ஆண்டவர்கள் என்று அரசர்களைப் பிரிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள பிரதியின்படி எரிடு நகரின் முதல் அரசன் அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆண்டான். இந்த அரசர்களை ‘ஆன்டிடிலூவியன் அரசர்கள்’ என்றே ஆய்வுக் கட்டுரைகள் குறிப்பிடும். மெசபடோமியாவின் வெள்ளக் கதையை 1872 டிசம்பரில் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் முதன்முதலாகப் படித்துக் காட்டியபோது, வேதாகமத்துக்கு வெளியேயும் அந்தக் கோடு இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஆகவே இந்தச் சொல்லை எங்காவது சந்தித்தால், பேசுவது பத்திரிகையாளரா சுமேரிய ஆய்வாளரா என்று முதலில் பாருங்கள்.

ஆறாம் படி: பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பாருங்கள்

ஒரு சொல்லின் எல்லை அதன் பக்கத்துச் சொல்லிடம்தான் தெரியும். ‘ஏன்ஷியன்ட்’ மரியாதை கலந்தது. எகிப்து, கிரேக்கம், ரோம் போன்ற நாகரிகங்களுக்குப் பொருந்தும். ‘ஆர்க்கேயிக்’ கிரேக்கத்தில் ‘தொடக்கம்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தொல்லியலைக் குறிக்கும் ‘ஆர்க்கியாலஜி’க்கும் அதே வேர். வழக்கொழிந்த சொல் வடிவங்களுக்கு அகராதிகள் போடும் முத்திரையும் இதுதான். கிரேக்கக் கலை வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கும் இது பெயர், அங்கே இழிவு எதுவும் கிடையாது.

‘விண்டேஜ்’ முழுக்க வேறு தோட்டத்துச் சொல். லத்தீனில் திராட்சை அறுவடைக்கு இருந்த பெயர் பிரெஞ்சு வழியாக வந்து, குறிப்பிட்ட ஆண்டின் திராட்சை மது என்று ஆகி, பிறகு ‘ஒரு நல்ல காலத்தைச் சேர்ந்த’ என்று விரிந்தது. அதனால்தான் அதில் எப்போதும் ஒரு தரம் ஒலிக்கிறது. பழைய கார்களில் விண்டேஜ் என்பது பிரிட்டனில் பொதுவாக 1919 முதல் 1930 வரை செய்தவற்றைக் குறிக்கும்.

‘ஆன்டீக்’ என்பதற்குச் சட்டக் கணக்கே உண்டு. அமெரிக்கச் சுங்க விதிகள் நூறு ஆண்டு தாண்டிய பொருளை ஆன்டீக் என்று ஏற்கின்றன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதன் உறவுச் சொல்லான ‘ஆன்டிக்விட்டி’யைப் பயன்படுத்துகிறது, பொருள்களுக்கு 100 ஆண்டுகள், கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டுகள். வீட்டில் பழைய செப்புச் சிலையோ ஏட்டுச்சுவடியோ வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. அந்தச் சட்டப்படி தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது, சில வகைகளைப் பதிவும் செய்ய வேண்டும்.

ஏழாம் படி: ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பாதீர்கள்

தமிழர்களாகிய நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஒன்’ என்பது ‘ஒன்று’ என்பதிலிருந்து வந்தது, அழுவதைக் குறிக்கும் ‘க்ரை’ என்பது கரைவதைச் சொல்லும் ‘கரை’யிலிருந்து வந்தது என்று பட்டியல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கேட்க இனிமைதான். ஆனால் எந்தச் சொல்லுக்கும் மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும். அதன் மிகப் பழைய வடிவம் என்ன? இரண்டு மொழிக்காரர்களும் எங்கே, எப்போது சந்தித்தார்கள்? இடைப்பட்ட சான்றுகள் உண்டா?

‘ஒன்’னைச் சோதிப்போம். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. இன்று ஆங்கிலேயர் தொடக்கத்தில் ஒலிக்கும் ‘வ’ பிற்காலத்தில் வந்தது. ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. குடும்பம் முழுதும் ஐரோப்பாவிலேயே கண்முன் நிற்கிறது. பின்னோக்கிப் போகப் போக ‘ஒன்று’ என்பதிலிருந்து விலகித்தான் போகிறது. அப்புறம் ‘கேட்டமரானை’ப் பாருங்கள். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல் உண்டு, சோழமண்டலக் கடற்கரைக்கு ஆங்கிலேயர் வந்த வழி உண்டு, 1697இல் அச்சான வில்லியம் டாம்பியரின் பயண நூலில் சொல்லும் இருக்கிறது. மூன்று கேள்விக்கும் விடை கிடைக்கிறது. உண்மையாகவே நாம் கொடுத்த சொற்களுக்கு உரிய மதிப்புக் கிடைக்க வேண்டுமென்றால், கொடுக்காதவற்றைப் பட்டியலிலிருந்து நாமே எடுத்துவிட வேண்டும்.

உங்கள் தாளில் இப்போது ஆறு விவரங்கள் இருக்கும்: இன்றைய பொருளும் தொனியும், துண்டுகள், முதல் சான்றின் ஆண்டு, எழுதியவர், தேவை, திருப்பம். ஒரு சொல்லுக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயமில்லாத விவரத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு ‘பிரிஸ்டீன்’ நல்லது. இன்று ‘மாசுமருவற்ற’ என்று வழங்கும் அந்தச் சொல்லுக்கு லத்தீனில் ‘முன்பிருந்த, பழைய’ என்றே பொருள். பழையது எப்படிப் புதுசு போல ஆனது என்று ஐந்தாம் படியில் தேடுங்கள். அது முடிந்தால் ‘ஆன்டிக்’கை எடுங்கள். ‘ஆன்டீக்’ இல்லை; குறும்புச் சேட்டைகளைக் குறிக்கும் ‘ஆன்டிக்’. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. தேடல் உங்களை ரோமுக்கு, மண்ணுக்குள் புதைந்துபோன நீரோ மன்னனின் அரண்மனைக்குக் கொண்டுபோகும். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர்கள் அதற்குள் இறங்கி, சுவரில் விலங்கும் மனிதனும் கொடியும் பிணைந்த விசித்திரச் சித்திரங்களைப் பார்த்தார்கள். ‘க்ரோட்டெஸ்க்’ என்ற சொல்லும் அதே குழியிலிருந்துதான் ஏறி வந்தது, அதற்கும் ஒரு தாள் எடுத்து வையுங்கள்.